மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஒரு டார்பிடோ விமானப் படம்

"கடலே இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு கடற்படைப் படமா?" இதைக் கேட்காத ஆள் பாக்கியில்லை. வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர்தான் நம்முடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து டார்பிடோ விமானம் (டார்பிடோ என்பது தண்ணீருக்குள் தானே ஓடிப் போய்க் கப்பலில் வெடிக்கிற குண்டு) ஒன்றையும் அதில் போகும் மூன்று பேரையும் வைத்து ஒரு குறும்படத்தை மொட்டை மாடி, மாடக்குளம் கண்மாய், தொண்டிக் கடல் என்று அலைந்து எடுத்து முடித்தோம். பாதி சொதப்பல். அந்தச் சொதப்பலில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், யாராவது இதே கிறுக்குத்தனத்தில் இறங்கினால் ஒரு மாதமாவது மிச்சமாகும்.

எங்களுக்கு வீணான ஒரு மாதம் எது தெரியுமா? முழு விமானத்தையும் கட்டிவிடலாம் என்று நினைத்ததுதான். பிரிட்டிஷ் கடற்படையின் ஸ்வார்ட்ஃபிஷ் விமானத்துக்கு இறக்கை மட்டும் 45 அடி, அதுவும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரட்டை அடுக்கு. மூங்கில், சவுக்கு, காடாத் துணி என்று கணக்குப் போட்டுப் பார்த்து, கல்யாண மேடை போடுகிற அண்ணன் ஒருவரிடம் விலையும் கேட்டு, அவர் சொன்ன தொகையைக் கேட்டு டீயைக் கூட முடிக்காமல் எழுந்து வந்தோம். அதுவும் நல்லதுக்குத்தான். இந்த மாதிரிப் படத்துக்கு வெளியிலிருந்து பார்க்கிற விமானம் அவ்வளவாகத் தேவையே இல்லை. எதற்குப் பணம் போட வேண்டும் என்பது, டார்பிடோ எப்படி வேலை செய்கிறது என்று புரிந்த பிறகுதான் தெரிந்தது.

அதனால் கதை எழுதும் முன் கொஞ்சம் கணக்கு.

விமானத்தின் வயிற்றில் தொங்கும் டார்பிடோ முக்கால் டன் கனம், 18 அங்குலக் குறுக்களவு, 16 அடி நீளம். அதை மேலே இருந்து குண்டு மாதிரிப் போட முடியாது. அதிக உயரத்திலிருந்தோ அதிக வேகத்திலோ விட்டால் தண்ணீரில் மோதி உடையும், இல்லையென்றால் தலைகுப்புற ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே விமானம் கடலுக்கு மேல் 60 அடி வாக்கில் இறங்க வேண்டும், நல்ல தென்னைமர உயரம்தான். வேகம் 90 நாட், அதாவது மணிக்குச் சுமார் 167 கிலோமீட்டர். இறக்கையைச் சாய்க்காமல், மூக்கை ஆட்டாமல், நேராகப் போய்க் கப்பலுக்கு 1,000 கெஜம் இருக்கும்போது விட வேண்டும். அந்த நேரத்தில் எதிரில் இருக்கிற அத்தனை பீரங்கியும் உங்களைத்தான் சுடும், நீங்கள் விலகக் கூடாது. விலகினால் டார்பிடோ வேறு திசைக்குப் போகும். எல்லாப் போர்ப் படத்திலும் விமானம் வளைந்து நெளிந்து தப்பிக்கும். இங்கே வளையாமல் இருப்பதுதான் வேலை, நாடகமும் அதுதான்.

இன்னொரு கணக்கு. டார்பிடோ தண்ணீருக்குள் 40 நாட் வேகத்தில் ஓடினால் அந்த 1,000 கெஜத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட 44 விநாடி ஆகும். 25 நாட் வேகத்தில் போகும் கப்பல் அந்த 44 விநாடியில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். புரிகிறதா? விமானி கப்பலைக் குறிவைக்கவே முடியாது. கப்பலுக்கு முன்னால் இருக்கிற வெறும் தண்ணீரைத்தான் அவன் குறிவைக்கிறான். ஸ்வார்ட்ஃபிஷ்ஷில் அதற்காகவே விமானியின் கண்ணுக்கு எதிரே ஒரு கம்பியில் வரிசையாகச் சின்னச் சின்ன பல்புகள் இருந்தன. கப்பலின் வேகத்தை உத்தேசமாக மதிப்பிட்டு அதற்குரிய பல்பைக் கப்பலோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். எங்கள் முதல் வரைவில் விமானி கப்பலை முறைத்துக்கொண்டே பல்லைக் கடித்துப் பொத்தானை அழுத்துவான். அந்தக் காட்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, அவன் கண் கப்பலுக்கு இடப்பக்கம் ஒன்றுமில்லாத இடத்தில் நிற்கிற மாதிரி எடுத்தோம். பார்த்தவர்களுக்கு அதில்தான் வயிற்றைப் பிசைந்தது.

ஆக, படத்தின் உயிர் விமானத்துக்குள் இருக்கிற மூன்று குழிகளில் இருக்கிறது. முன்னால் விமானி. நடுவில் அப்சர்வர், அதாவது வழி கண்டுபிடிக்கிறவன். பின்னால் தந்தி அனுப்புகிற, துப்பாக்கியும் பிடிக்கிற ஆள். மூன்று பேருக்கும் தலைக்கு மேல் கூரை கிடையாது, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பேச வேண்டுமென்றால் ரப்பர் குழாய், டாக்டர் காதில் மாட்டுகிற ஸ்டெதாஸ்கோப் மாதிரியே. நாங்கள் பழைய ஸ்டெதாஸ்கோப்பையும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற குழாயையும் இணைத்துச் செய்தோம், 300 ரூபாய்கூட ஆகவில்லை. இதில் வசனகர்த்தா கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தக் காற்றில், அந்த எஞ்சின் சத்தத்தில், குழாய் வழியாக யாரும் பத்தி பத்தியாகப் பேச மாட்டார்கள். "இடது." "இன்னும் கொஞ்சம்." "நிறுத்து." அவ்வளவுதான். அம்மாவின் கடிதம் பற்றி உருகுவதெல்லாம் தரையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேருக்கும் தெரிந்த உலகம் வேறு வேறு என்பதை எழுதும்போதே பிரித்துவிடுங்கள். விமானிக்கு முன்னால் இருப்பது தெரியும், எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. அப்சர்வருக்கு எங்கே இருக்கிறோம் என்பது உத்தேசமாகத் தெரியும், அதுவும் மடியில் வைத்த பலகையில் பென்சிலால் கோடு போட்டு, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கணக்கிட்டுத்தான். இவர்கள் புறப்பட்ட கப்பலும் சும்மா நிற்காது. 20 நாட் வேகத்தில் போனால் இரண்டு மணி நேரத்தில் 40 கடல் மைல் தள்ளிப் போயிருக்கும், 74 கிலோமீட்டர். மதுரையில் விட்டுவிட்டு வந்த வீடு திரும்பி வரும்போது தேனியில் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. அதைக் கண்டுபிடிக்காவிட்டால் பெட்ரோல் தீர்ந்து கடலில் விழ வேண்டியதுதான். குண்டடி படுவதைவிட இந்தப் பயத்தை நிறைய காட்டலாம், செலவும் இல்லை, ஒரு பென்சிலும் ஈரமான காகிதமும் போதும்.

பின்னால் இருப்பவன் கதை தனி. விமானியும் அப்சர்வரும் பெரும்பாலும் அதிகாரிகள், இவன் சாதாரணக் கடற்படை ஊழியன். ஒரே விமானத்தில் ஒரே சாவுக்குப் போகிறார்கள், ஆனால் திரும்பி வந்தால் சாப்பாடு வேறு இடம், படுக்கை வேறு இடம். இரட்டைக் குவளையைப் பார்த்த மண்ணில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, ஒரே ஒரு ஷாட்டில் இரண்டு வாசலைக் காட்டினால் போதும். நாங்கள் அந்த ஷாட்டை எடுக்கவில்லை, எடுத்திருக்க வேண்டும்.

எந்தச் சம்பவத்தை எடுப்பது? எல்லோரும் போவது 1940 நவம்பர் 11 இரவு இத்தாலியின் டாரண்டோ துறைமுகத்துக்கு. பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான இல்லஸ்ட்ரியஸிலிருந்து 21 ஸ்வார்ட்ஃபிஷ்கள் இரண்டு அலையாகப் போய் மூன்று இத்தாலியப் போர்க்கப்பல்களை அடித்தன, இரண்டு விமானங்கள்தான் திரும்பவில்லை. அதை எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: தூரம் அதிகம் என்பதால் நடுக்குழியில் கூடுதல் பெட்ரோல் தொட்டி வைத்தார்கள், தந்தி ஆள் வரவில்லை, விமானத்துக்கு இரண்டே பேர். அங்கே மூன்று பேரை உட்கார வைத்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

1941 மே 26, பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை வேட்டையாடிய கதை இன்னும் வினோதம். முதலில் புறப்பட்டுப் போனவர்கள் மேகத்தில் இறங்கித் தங்கள் சொந்தக் கப்பலான ஷெஃபீல்டையே பிஸ்மார்க் என்று நினைத்துத் தாக்கினார்கள். நல்ல வேளை, காந்த விசையில் வெடிக்கிற புது அமைப்பு ஒழுங்காக வேலை செய்யாமல் பல டார்பிடோக்கள் தண்ணீரைத் தொட்டதுமே வெடித்துவிட்டன. திரும்பி வந்து, மோதினால் வெடிக்கிற பழைய அமைப்பை மாட்டிக்கொண்டு மறுபடி போனார்கள், அந்தத் தடவைதான் பிஸ்மார்க்கின் சுக்கான் சிக்கியது. கற்பனையாக எழுதியிருந்தால் "லாஜிக் இடிக்குது" என்பார்கள். அந்தத் தாக்குதலில் பறந்த ஜான் மோஃபாட் பின்னாளில் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும்: அவருடைய அப்சர்வர் விமானத்துக்கு வெளியே தலைகீழாகக் கவிழ்ந்து அலையைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் விடாதே, இன்னும் விடாதே" என்று நிறுத்தி வைத்தாராம், அலைக்கும் அலைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் டார்பிடோ விழ வேண்டும் என்பதற்காக. 1942 பிப்ரவரியில் ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மன் கப்பல்களைத் தாக்கப் போன ஆறு ஸ்வார்ட்ஃபிஷ்களும் திரும்பவில்லை, 18 பேரில் உயிரோடு மிஞ்சியது ஐந்து பேர்.

ஆனால் என்னைக் கேட்டால், நமக்குப் பக்கத்திலேயே ஒன்று கிடக்கிறது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. திருகோணமலை சீனன்குடா விமானத் தளத்திலிருந்து ஆறு ஸ்வார்ட்ஃபிஷ்கள் டார்பிடோவைச் சுமந்துகொண்டு கொழும்புப் பக்கம் ரத்மலானைக்குப் பறந்தன, ஜப்பானியக் கப்பற்படையைத் தாக்க அவற்றைத் தயாராக வைப்பதற்காக. துணைக்குச் சண்டை விமானம் எதுவும் இல்லை. அவை போய்ச் சேர்ந்த நேரமும் கொழும்பு மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட நேரமும் ஒன்றாகிவிட்டது. ஜீரோ என்ற ஜப்பானியச் சண்டை விமானங்கள் ஆறையும் வீழ்த்திவிட்டன, ஒரு டார்பிடோகூட எந்தக் கப்பலை நோக்கியும் விடப்படவில்லை. நாலு நாள் கழித்து மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் கப்பல் மூழ்கியது, பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், ஆனால் அன்று அதில் விமானமே இல்லை. அதே வாரத்தில்தான் மெட்ராஸ் காலியானது. எங்கள் அப்பத்தா வருஷத்தைச் சொல்ல மாட்டார், "ஜப்பான்காரன் வாரான்னு மெட்ராஸ்காரங்க மூட்டை முடிச்சோட வந்த வருசம்" என்பார். அடுத்து நான் எடுக்க நினைப்பது இதைத்தான். தளத்தில் கூலி வேலை செய்யும் தமிழ்ப் பையன் ஒருவன் கண் வழியாகச் சொல்லலாம், அது கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் அவனை டார்பிடோவில் கைவைக்க விடாதீர்கள், அது கடற்படை ஆட்களின் வேலை. அவன் தண்ணீர் சுமக்கட்டும், ஓடுபாதையில் கல் பொறுக்கட்டும், அங்கிருந்து பார்க்கட்டும்.

வெள்ளைக்காரர்களுக்கு எங்கே போவது என்பீர்கள். இந்த விமானத்தில் இருப்பவன் தோல் தொப்பி, கண்ணாடி, கழுத்துத் துணி எல்லாம் போட்டிருப்பான், மிச்சம் தெரிவது மூக்கும் வாயும்தான். கொஞ்சம் வெளிறிய நிறமுள்ள நம் ஆட்களே போதும், ஆங்கில வசனத்துக்கு மட்டும் குரல் வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம். தோல் தொப்பிக்குத் திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் துண்டுத் தோல் வாங்கினோம், தைத்தது எங்கள் தெரு தையல்காரர். முதல் தொப்பி பால்காரர் குல்லா மாதிரி வந்தது, மூன்றாவதுதான் சரியாக அமைந்தது. இலங்கைக் கதை என்றால் கனத்த பறக்கும் உடுப்பெல்லாம் வேண்டாம், காக்கிச் சட்டை காக்கி அரைக்கால் சட்டை, மேலே மஞ்சள் உயிர்காப்பு உடுப்பு. வேர்வையைத் துடைக்காதீர்கள்.

சரி, கட்டுமானம். எஞ்சினுக்குப் பின்னாலிருந்து மூன்றாவது குழி வரை சுமார் 15 அடிக்கு உடம்பு மட்டும் கட்டுங்கள். நிஜ விமானமே இரும்புச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியதுதான், ஆகவே மூங்கில் பிளாச்சின் மேல் காடாத் துணியை இழுத்துக் கட்டி, மைதாப் பசை பூசிக் காய வைத்து, மேலே சாம்பல் பச்சை பெயிண்ட் அடித்தால் ஏமாற்று வேலை மாதிரித் தெரியாது. குண்டு துளைத்த ஓட்டையைக் காட்ட பிளேடால் கீறி ஓரத்தை நூல் பிரித்து விடுங்கள், காற்றில் அது படபடவென்று அடித்துக்கொள்வது மட்டுமே ஒரு காட்சிக்குச் சமம். உள்ளே கருவிப் பலகைக்கு விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்களிடம் போனோம், காகிதக் கூழில் வட்ட வட்டமாகச் செய்து கொடுத்தார்கள். வேக முள்ளில் எண்களை நாட் கணக்கில் போடுங்கள். கடற்படைக் கதையில் யாராவது "கிலோமீட்டர்" என்று சொல்லிவிட்டால் அத்தோடு காலி.

இதை டிராக்டர் டியூப் நாலின் மேல் வைத்து மொட்டை மாடியில் ஏற்றினோம். சுற்றிலும் வானம், நாலு பேர் நாலு மூலையில் கழி போட்டு ஆட்டினார்கள். காற்றுக்கு வீட்டு ஃபேன் உதவாது, முடி ஆடும், கன்னம் ஆடாது. நெல் தூற்றுகிற பெரிய விசிறியை வாடகைக்கு எடுத்து மூன்றடி தூரத்தில் வைத்த பிறகுதான் நடிகரின் கண்ணில் நிஜமாகத் தண்ணீர் வந்தது. அப்போது அவர் பேசின குரலையும் அப்படியே வைத்துக்கொண்டோம், டப்பிங்கில் அந்தத் திணறல் வரவே வரவில்லை.

கடலுக்கு ஏப்ரல் கடைசியில் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம், கடலில் படகு இல்லாமல் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், நாட்டுப்படகுக்காரர்களிடம் நியாயமான வாடகைக்குப் பேசலாம். விடிகாலையில் பாக் நீரிணை எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடக்கும். ட்ரோனை 18 மீட்டரில் பிடித்து நேராக ஓட விடுங்கள், அதற்கு மேல் ஏற்றினால் சுற்றுலா விளம்பரம் ஆகிவிடும். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால் ராமநாதபுரம் பக்கம் பறக்க விடுமுன் அரசாங்கத்தின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பார்த்துவிட்டு, காவல் நிலையத்திலும் கடிதம் கொடுத்துவிடுங்கள். கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. 16 அடி நீளத்தில் பிளாஸ்டிக் குழாயில் செய்த டார்பிடோவுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துக் குட்டி யானையில் போட்டு ராத்திரி பதினொரு மணிக்குக் கொண்டு போனோம். ஒரு சோதனைச் சாவடியில் இரண்டரை மணி நேரம். "இது என்னப்பா?" என்று கேட்ட காவலரிடம் எங்கள் உதவி இயக்குநர் முழு உண்மையையும் சொன்னான், "டார்பிடோ சார்." சாக்கு போட்டு மூடுங்கள், கதைச் சுருக்கத்தைக் கையில் வைத்திருங்கள், அந்தப் பையனைப் பின்னால் உட்கார வையுங்கள்.

எதிரிக் கப்பல்? பிஸ்மார்க் 251 மீட்டர் நீளம், நம் மீனாட்சியம்மன் கோயிலின் ஒரு பக்க மதில் அளவு. 100-க்கு 1 அளவில் செய்தால் இரண்டரை மீட்டர் பொம்மை. மழைக்குப் பிறகு நிறைந்த மாடக்குளம் கண்மாயில் பொழுது சாயும் நேரத்தில் மிதக்கவிட்டு ஒன்பது மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், 1,000 கெஜத்தில் விமானி பார்க்கிற அளவு அப்படியே வரும். பொம்மை என்று காட்டிக்கொடுப்பது அலைதான், அதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: அளவு 100-ல் 1 என்றால் அதன் வர்க்கமூலம் 10, ஆகவே விநாடிக்கு 24 பிரேம் என்பதைப் பத்து மடங்காக்கி 240-ல் எடுங்கள். இப்போது பல போன்களிலேயே அது இருக்கிறது. அப்போது சிற்றலைகூடப் பெரிய கடல் மாதிரி கனமாக அசையும். ஆனால் தண்ணீர்த் துளியைச் சின்னதாக்க முடியாது, பொம்மை பக்கத்தில் வெடி வைத்துத் தெறிக்க விட்டால் குளியல் தொட்டி தெரிந்துவிடும். வெடிப்பைக் காட்டவே காட்டாதீர்கள்.

சத்தத்தில் நிறைய பேர் கோட்டைவிடுவார்கள். ஸ்வார்ட்ஃபிஷ்ஷுக்கு ஒன்பது சிலிண்டர் பெகாசஸ் எஞ்சின், புல்லட் வண்டிச் சத்தத்தைப் போட்டால் தனித்தனியாக டப்டப் என்று கேட்கும், இது ஒரே முழக்கமாக இருக்கும். கிளப்புவதற்கு முன் இரண்டு பேர் கைப்பிடியைப் போட்டுச் சுற்றுவார்கள், மெல்ல ஆரம்பித்து ஊளையாக ஏறும், அப்புறம்தான் எஞ்சின் இருமும். இறக்கைகளுக்கு நடுவே உள்ள கம்பிகள் காற்றில் பாடுவதற்கு, மாடியில் துணி காயப்போடும் கொடிக்கம்பியை முறுக்கிக் கட்டி ஆடிக் காற்றில் மைக் வைத்தோம். படத்தில் எனக்கு முழுத் திருப்தி தந்த ஒரே விஷயம் அந்தச் சத்தம்.

கோவா வாஸ்கோவில் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். நம் பழைய விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்த அலிஸே விமானம் அங்கே நிற்கிறது, அதுவும் மூன்று பேர் போவதுதான். 1971-ஐ வைத்து நம் ஆட்களின் கதையாகவே எடுக்கலாம் என்று ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அது நீர்மூழ்கி வேட்டைக்கான விமானம், அந்தப் போரில் அது டார்பிடோவால் பாகிஸ்தான் போர்க்கப்பலை மூழ்கடித்த மாதிரி எழுதினால் பொய்.

கடைசியாக நடிகர் தேர்வு. நாங்கள் நல்ல நடிகரை விமானியாக உட்கார வைத்தோம், தப்பு. டார்பிடோவை விட்டதும் விமானம் திரும்பி ஓடும், இல்லையென்றால் 20 விநாடியில் கப்பல் மேலேயே போய் நிற்கும். திரும்பிவிட்டால் விமானிக்கு முன்னால் வெறும் கடல். பின்னோக்கி உட்கார்ந்திருக்கிற மூன்றாவது ஆளுக்குத்தான் கப்பல் தெரியும், பட்டதா இல்லையா என்று முதலில் தெரிவதும் தனிச் சாப்பாடு சாப்பிடுகிற அவனுக்குத்தான். அந்த 44 விநாடியையும் வெட்டாமல் அவன் முகத்தில் வையுங்கள். எங்களுக்கு அந்த வேடத்தைச் செய்தவன் லைட் பிடிக்க வந்த பையன், வேறு ஆள் இல்லாததால் தொப்பியை மாட்டிவிட்டோம். கடிகாரத்தைப் பார்க்காமல் மனதுக்குள் ஒன்றிலிருந்து 44 வரை எண்ணு, 44-ல் என்ன பார்த்தாய் என்பதை நீயே முடிவு பண்ணிக்கொள் என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது டேக்கில் 30-ஐத் தாண்டியபோது கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது, அவன் கண் இமைக்கவில்லை. என்ன பார்த்தாய் என்று இன்று வரை நான் அவனிடம் கேட்கவில்லை.